சேர்ந்திருக்கலாமா? கர்ப்ப காலத் தாம்பத்தியத்துக்கு ஒரு வழிகாட்டி

கர்ப்பம் உறுதியான பிறகு கணவனும் மனைவியும் உடலுறவு கொள்ளலாமா என்ற கேள்விக்கு நம் ஊர்களில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் "பார்த்து இருந்துக்கோங்க" என்பதுதான். மாமியார் சொன்னாலும், அக்கா சொன்னாலும், சில வேளைகளில் மருத்துவமனையிலேயே சொன்னாலும் சொல் அதுவாகவே இருக்கிறது. எதைப் பார்ப்பது, எத்தனை நாளைக்கு இருப்பது, இருப்பது என்றால் சேர்ந்தா தள்ளியா என்பது எதுவும் அந்தச் சொல்லில் இல்லை. கேட்ட பெண் மேற்கொண்டு கேட்கக் கூச்சப்பட்டு எழுந்து வந்துவிடுகிறாள். கணவனோ அரசு மருத்துவமனையாக இருந்தால் வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறான். தனியார் மருத்துவமனையாக இருந்தால் பணம் கட்டும் வரிசையில் நிற்கிறான். அன்றிரவு இருவரும் அந்தச் சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் கொள்கிறார்கள். ஒன்பது மாதம் அந்தக் குழப்பத்திலேயே கழிந்துவிடுவதும் உண்டு.

நேரான பதில் இது. சிக்கல் எதுவும் இல்லாத கர்ப்பத்தில், இருவருக்கும் விருப்பம் இருந்தால், தொடக்க வாரங்களிலிருந்து பனிக்குடம் உடையும் வரை உடலுறவு கொள்ளலாம். அதனால் கருவுக்குத் தீங்கு நேர்வதில்லை. சிக்கல் உள்ள சில கர்ப்பங்களில் மட்டும் உறவைத் தவிர்க்க வேண்டும், அந்தச் சிக்கல்கள் எவையென்று பெயர் சொல்லிக் குறிப்பிடவும் முடியும். ஆகவே "பார்த்து இருப்பது" என்ற மூடுமந்திரத்துக்குப் பதிலாக, தன் கர்ப்பம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை ஒவ்வொரு தம்பதியும் கேட்டுத் தெரிந்துகொள்வதே முதல் வேலை.

கருவுக்கு ஏன் அடிபடுவதில்லை

பல ஆண்களுக்கு இருக்கும் அச்சம், தாங்கள் குழந்தையின் மேல் இடித்துவிடுவோமோ என்பதுதான். பெண்ணுறுப்பின் பாதை கருப்பை வாயோடு முடிந்துவிடுகிறது. கருப்பை வாய் பிரசவ காலம் வரை இறுக மூடியிருப்பதோடு, அதன் துளையைக் கெட்டியான சளிப்படலம் ஒன்று அடைத்து நிற்கிறது. அதற்கு அப்பால் தடித்த தசையாலான கருப்பை, அதற்குள் பனிக்குடம், அதற்குள் நீரில் மிதந்தபடி குழந்தை. உறவின்போது ஆணுறுப்பு இந்த அடுக்குகளைத் தாண்டுவதும் இல்லை, விந்து குழந்தையின் மேல் படுவதும் இல்லை.

அடுத்த அச்சம் கருச்சிதைவு. முதல் மூன்று மாதங்களில் கரு கலைந்த பெண்களில் பலர், அதற்கு முந்தைய வாரம் கணவனோடு சேர்ந்திருந்ததை நினைத்து ஆண்டுக்கணக்கில் தங்களையே குற்றவாளியாக்கிக் கொள்கிறார்கள். தொடக்க காலக் கருச்சிதைவுகளில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ கருவின் மரபுத்திரிகளில் (குரோமோசோம்களில்) ஏற்படும் பிழையால் நிகழ்பவை. கரு உண்டான நாளிலேயே நேர்ந்துவிட்ட அந்தப் பிழையை, பிறகு தள்ளிப் படுத்திருந்தாலும் மாற்றியிருக்க முடியாது. பப்பாளி தின்றதற்கும் மாடி ஏறியதற்கும் பழி சுமக்கும் பெண்ணின் தலையில் இந்தப் பழியையும் ஏற்ற வேண்டியதில்லை.

உச்சநிலை அடைந்தவுடன் வயிறு கல்போல் இறுகுவதைப் பார்த்துச் சிலர் பயந்துவிடுவார்கள். ஊரில் சூட்டு வலி, பொய் வலி என்று சொல்வோமே, அந்த வகையைச் சேர்ந்த இறுக்கம்தான் இது. உச்சநிலையில் சுரக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கருப்பைத் தசையைச் சற்று நேரம் சுருங்க வைக்கிறது. இடப்பக்கமாகப் படுத்துத் தண்ணீர் குடித்தால் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். குழந்தை அந்த நேரத்தில் வழக்கத்தைவிட அதிகமாகத் துள்ளுவதோ அமைதியாவதோ தாயின் இதயத் துடிப்பு கூடிக் குறைவதன் எதிரொலியே தவிர, குழந்தைக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டதன் அடையாளம் அல்ல. இதைக் கேட்கவே கூச்சப்படும் தம்பதியர் நிறையப் பேர் இருப்பதால்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

யாருக்கு வேண்டாம்

கருப்பைக்குள் குழந்தைக்கு ஊட்டம் தரும் உறுப்பான நஞ்சு, கருப்பை வாயை மூடியபடி கீழே அமைந்திருந்தால் உடலுறவு கூடாது. கருப்பை வாயில் படும் சிறு உரசலும் பெரிய இரத்தப்போக்கைத் தொடங்கிவைக்கக்கூடும் என்பதே காரணம். 18 முதல் 20 வாரங்களில் எடுக்கும் ஸ்கேனில் நஞ்சின் இடம் தெரிந்துவிடும். அந்த ஸ்கேனில் "நஞ்சு கீழே இருக்கிறது" என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலானோருக்குக் கருப்பை வளர வளர நஞ்சு மேலே ஏறிவிடுகிறது; வழக்கமாக 32 வாரங்களை ஒட்டி மறு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். ஆகவே இருபதாவது வாரத்தில் விதித்த தடை பிரசவம் வரைக்குமானது என்று தானாகவே எடுத்துக்கொள்ளாமல், மறு ஸ்கேன் முடிந்த அன்றே மீண்டும் கேட்க வேண்டும்.

பனிக்குடம் உடைந்துவிட்டாலோ, நீர் கசிவதாகச் சந்தேகம் இருந்தாலோ உறவு கூடாது. குழந்தையைத் தொற்றிலிருந்து காத்த வேலி போய்விட்டது என்று பொருள். காரணம் கண்டறியப்படாத இரத்தப்போக்கு இருக்கும்போதும், கருப்பை வாய் வலுவிழந்து முன்கூட்டியே திறப்பதாகச் சொல்லப்பட்டவர்களுக்கும், அதற்காகக் கருப்பை வாயில் தையல் போடப்பட்டவர்களுக்கும், இந்தக் கர்ப்பத்தில் குறைமாத வலி வந்து மருந்தால் நிறுத்தப்பட்டவர்களுக்கும் மருத்துவர் மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. முந்தைய பிரசவம் குறைமாதத்தில் நேர்ந்தவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள், செயற்கைக் கருத்தரிப்பு மூலம் கருவுற்றவர்கள் ஆகியோருக்குப் பொதுவான தடை என்று எதையும் சொல்லிவிட முடியாது. அவரவருடைய மருத்துவரின் பேச்சே இதில் முடிவு.

இந்தப் பட்டியலில் இடம்பெறாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். முதல் மூன்று மாதமும் கடைசி இரண்டு மாதமும் யாராக இருந்தாலும் சேரக்கூடாது என்ற பொது விதி நம்மிடையே பரவலாக இருக்கிறது. எச்சரிக்கைக்காகச் சொல்லப்பட்டது நாளடைவில் சட்டமாகிவிட்டது போலும். சிக்கலற்ற கர்ப்பத்தில் அந்த விதிக்கு மருத்துவக் காரணம் கிடையாது. அதைக் கடைப்பிடிக்க விரும்புவோர் கடைப்பிடிக்கலாம். மீறியவர்கள் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை.

மருத்துவரிடம் எப்படிக் கேட்பது

இந்த வழிகாட்டியில் வேறு எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காமலிருந்தால் போதும் என்பது என் கருத்து. உறவு கூடாது என்று மருத்துவர் சொல்லும்போது மூன்று விளக்கங்களைக் கேட்டுப் பெற வேண்டும்: எதற்காக, எதுவெல்லாம், எதுவரை.

எதற்காக என்று தெரிந்தால் தடையை மதிப்பது எளிதாகிறது. "நஞ்சு கீழே இருப்பதால் இரத்தப்போக்கு வரலாம்" என்று கேட்ட கணவன், "வேண்டாமாம்" என்று மட்டும் கேட்ட கணவனைப் போல மனைவி தன்னை ஒதுக்குவதாக நினைத்துக்கொள்ள மாட்டான். எதுவெல்லாம் என்ற கேள்வி இன்னும் முக்கியமானது. தடை சிலருக்கு ஆணுறுப்பு உள்ளே செல்வதற்கு மட்டும்தான்; சிலருக்கு விரலும் கூடாது; குறைமாத வலி வந்தவர்களுக்கு உச்சநிலையும் மார்புக் காம்புகளைத் தூண்டுவதும்கூட வேண்டாம் என்று சொல்லப்படலாம், ஏனென்றால் அவையும் ஆக்சிடோசினைச் சுரக்கச் செய்து கருப்பையை இறுக்கும். இந்த வேறுபாட்டைக் கேட்காமல் வீட்டுக்கு வரும் தம்பதி, ஒன்று எல்லாவற்றையும் நிறுத்திக்கொண்டு கைகூடத் தொடாமல் இருக்கிறது, அல்லது தடையின் நோக்கத்தையே கெடுக்கும் ஒன்றைத் தெரியாமல் செய்துவிடுகிறது. எதுவரை என்பதற்குப் பதில் ஒரு வாரக்கணக்காகவோ அடுத்த ஸ்கேன் தேதியாகவோ இருக்க வேண்டும்.

கேட்கும் விதத்தில் சுற்றிவளைப்பு வேண்டாம். "டாக்டர், நாங்கள் உடலுறவு கொள்ளலாமா? என் கர்ப்பத்தில் அதைத் தவிர்க்க வேண்டிய காரணம் ஏதாவது இருக்கிறதா?" என்று இரண்டே வாக்கியத்தில் கேட்டுவிடலாம். வாய் வரவில்லையென்றால் ஒரு தாளில் எழுதி, தாய் சேய் நல அட்டைக்குள் வைத்து நீட்டலாம். வாய் திறக்கவே வேண்டியதில்லை. ஆண் மருத்துவரிடம் கேட்கத் தயக்கம் இருந்தால், கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்கித் தந்த கிராம சுகாதார செவிலியரிடம் கேட்பது எளிது. வீட்டுச் சூழலையும் மாமியாரின் குணத்தையும் அறிந்த அந்தப் பெண்மணி, உங்கள் கேள்வியை மருத்துவரிடம் கொண்டுபோய்ப் பதிலையும் வாங்கி வருவார். ஒரு பரிசோதனைக்காவது கணவன் உள்ளே வந்து உட்கார்ந்து தன் காதால் பதிலைக் கேட்க வேண்டும். மனைவி வந்து சொல்லும் மருத்துவ அறிவுரையைச் சாக்குப்போக்காக எடுத்துக்கொள்ளும் ஆண்கள் குறைவில்லை.

மாதம் ஏற ஏற

முதல் மூன்று மாதங்களில் மசக்கையும் அசதியும் சேர்ந்து பெரும்பாலான பெண்களுக்கு விருப்பத்தைக் குறைத்துவிடுகின்றன. தாளிக்கும் வாசனையே குமட்டும் நிலையில் கணவனின் வியர்வை வாசனையும் பிடிக்காமல் போவது இயல்பு. அது கணவனையே பிடிக்காமல் போனதாகாது. குளித்துவிட்டு வருவதும் வாசனைத் திரவியம் பூசாமல் இருப்பதும் எளிய மாற்றுகள். மார்பகங்கள் கனத்து வலிக்கும் காலம் இது என்பதால் அங்கே அழுத்தாமல் இருக்க வேண்டும். இரவில் பெண்ணுறுப்பில் வைக்கும் புரோஜெஸ்ட்ரான் மாத்திரை பரிந்துரைக்கப்பட்டிருந்தால், அது எதற்காகத் தரப்பட்டது, உறவுக்குத் தடை உண்டா, எந்த நேரத்தில் வைப்பது என்பவற்றை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான்காம் மாதத்துக்குப் பிறகு குமட்டல் அடங்கி, இடுப்புப் பகுதிக்கு இரத்த ஓட்டம் கூடுவதால் பலருக்கு விருப்பம் திரும்ப வருகிறது. சிலருக்கு முன்பைவிட அதிகமாகவும் வருகிறது. அப்படி வருவதைக் கண்டு வெட்கப்படவோ, "பிள்ளைத்தாச்சிக்கு இப்படியும் ஆசையா" என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவோ தேவையில்லை. அதே இரத்த ஓட்டத்தால் கருப்பை வாய் மென்மையாகி இருப்பதால் உறவுக்குப் பின் ஓரிரு சொட்டு இரத்தம் படுவதும் உண்டு. பெரும்பாலும் அது தீங்கற்றதுதான்; ஆனாலும் கர்ப்பத்தில் எந்த இரத்தமும் சொல்லாமல் விடத்தக்கது அல்ல என்பதால் மருத்துவரிடம் தெரிவித்துவிட வேண்டும். இரத்த வகை நெகட்டிவ் ஆக உள்ளவர்கள் இதில் தாமதிக்கவே கூடாது, குழந்தையின் இரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்புப் பொருள் உண்டாக்காமல் தடுக்கும் ஆன்டி டி ஊசி அவர்களுக்குத் தேவைப்படலாம்.

இருபது வாரங்களைத் தாண்டியபின் பெண் நெடுநேரம் மல்லாந்து படுத்திருந்தால், கருப்பையின் எடை முதுகெலும்பை ஒட்டிச் செல்லும் பெரிய இரத்தக் குழாயை அழுத்தித் தலைசுற்றலும் வியர்வையும் வரலாம். வயிற்றின் மேல் கணவனின் எடை விழும் நிலையும் வசதிப்படாது. இருவரும் ஒரே திசை பார்த்து ஒருக்களித்துப் படுத்து, கணவன் மனைவியின் முதுகுப் பக்கமாக இருக்கும் நிலை கடைசி மாதம் வரை பெரும்பாலானோருக்கு எளிதாக இருக்கும். வயிற்றுக்கு அடியிலும் முழங்கால்களுக்கு இடையிலும் ஒரு தலையணை வைத்துக்கொண்டால் இடுப்பு வலிக்காது. மனைவி மேலே இருக்கும் நிலையில் ஆழத்தையும் வேகத்தையும் அவரே முடிவு செய்யலாம் என்பது அதன் நன்மை. கட்டிலின் விளிம்பில் அமர்ந்தும், முழங்காலிட்டுக் கைகளை ஊன்றியும் உறவு கொள்ளலாம். எந்த நிலையாக இருந்தாலும் வலித்தால் நிறுத்திவிட வேண்டும். அடுத்த நிலையை முயல்வது அன்றைக்கே நடக்க வேண்டும் என்பதில்லை.

வறட்சி இருந்தால் மருந்துக் கடையில் கிடைக்கும், நீரை அடிப்படையாகக் கொண்ட வழவழப்பு ஜெல்லைப் பயன்படுத்தலாம். வீட்டில் கைக்கெட்டும் தேங்காய் எண்ணெயையே பலர் எடுக்கிறார்கள். ஆணுறை பயன்படுத்துவோர் அதைத் தொடவே கூடாது, ஏனென்றால் எண்ணெய் பட்டால் ரப்பர் ஆணுறை நைந்து கிழியும். உறவுக்குப் பின் உட்புறத்தைச் சோப்புப் போட்டோ நீரைப் பீய்ச்சியோ கழுவ வேண்டாம். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். உடனே சிறுநீர் கழித்துவிட்டு ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பது நீர்க்கடுப்பைத் தவிர்க்க உதவும். கர்ப்பத்தில் கவனிக்காமல் விட்ட சிறுநீர்த் தொற்று சிறுநீரகம் வரை ஏறிக் குளிர்காய்ச்சலைக் கொண்டுவரக்கூடியது.

வாயால் இன்பம் தருவதில் தவறில்லை. ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பெண்ணுறுப்புக்குள் காற்றை ஊதக் கூடாது. அரிதாகவே நேர்ந்தாலும், காற்றுக்குமிழி இரத்தக் குழாய்க்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்தாகும். கணவனின் உதட்டில் ஹெர்பிஸ் கொப்புளம் இருக்கும் நாள்களில் அது வேண்டவே வேண்டாம்; கடைசி மூன்று மாதங்களில் தாய்க்கு முதன்முறையாக அந்தத் தொற்று ஏற்பட்டால் பிறக்கும் குழந்தைக்குக் கடுமையான பாதிப்பு வரலாம். ஆசனவாய் வழி உறவு மூலநோய் உள்ளவர்களுக்கு மிகுந்த வேதனை தரும். அதைச் செய்வோரும் கழுவாமல் அப்படியே பெண்ணுறுப்புக்கு மாறினால் கிருமிகள் அங்கே போய்ச் சேரும்.

நிறைமாதத்தில் சேர்ந்தால் வலி சீக்கிரம் எடுக்கும் என்று சொல்வார்கள். விந்தில் புரோஸ்டாகிளாண்டின் இருப்பதும், அதே பொருளை மருத்துவமனையில் வலி தூண்டப் பயன்படுத்துவதும் உண்மை. இருந்தாலும் உறவால் பிரசவம் முந்துவதாக ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. தேதி தாண்டிவிட்டதே என்று பதறி, விருப்பமே இல்லாமல் இதை மருந்துபோலச் செய்ய வேண்டியதில்லை.

வளைகாப்புக்குப் பிறகு

நம் வழக்கத்தில் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடித்துத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவதால், கடைசி மாதங்களின் கேள்வி பலருக்கு எழுவதே இல்லை. தாய்வீட்டில் கிடைக்கும் ஓய்வு பெரிது, அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பிரிவு நீளும் அந்த மாதங்களில் கணவன் விருந்தாளியாக வந்து கூடத்தில் காப்பி குடித்துவிட்டுத் திரும்புவது மட்டும் போதாது. ஒரு மணி நேரம் தனியறையில் இருவரும் பேசிக்கொண்டிருக்கவும், வீங்கிய கால்களை அவன் பிடித்துவிடவும், வயிற்றில் கைவைத்துக் குழந்தையின் அசைவை உணரவும் வீட்டுப் பெரியவர்கள் வழிவிட வேண்டும். உறவுக்குத் தடை விதிக்கப்பட்ட தம்பதியருக்கும் இதுவே பொருந்தும்: அணைத்துக்கொள்வது, முத்தமிடுவது, முதுகை நீவிவிடுவது எதற்கும் எந்த மருத்துவரும் தடை போடுவதில்லை.

தொற்றுகளைப் பற்றி

கர்ப்பப் பதிவின்போது எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை செய்வது வழக்கம். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசமாகவும் இரகசியமாகவும் செய்யப்படுகிறது. மனைவிக்கு எடுத்துவிட்டார்களே என்று கணவன் விலகிப் போவதுதான் இங்கே பெரிய ஓட்டை. மூன்றாம் மாதத்தில் தொற்று இல்லையென்று வந்த அறிக்கை, ஆறாம் மாதத்தில் கணவன் வழியாக வரும் தொற்றைத் தடுக்காது. புதிதாகத் தொற்றிய வாரங்களில் எச்.ஐ.வி. கிருமி இரத்தத்தில் மிக அதிகமாக இருப்பதால், கர்ப்ப காலத்தில் தொற்றினால் குழந்தைக்குப் போகும் வாய்ப்பும் கூடுகிறது. மனைவி தாய்வீட்டில் இருக்கும் மாதங்களில் வேறிடத்தில் உறவு வைத்துக்கொண்ட ஆண், ஒழுக்க விசாரணை ஒருபுறம் இருக்கட்டும், பரிசோதனை முடியும் வரை ஆணுறை இல்லாமல் மனைவியிடம் வரக்கூடாது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆணுறை இலவசமாகவே கிடைக்கிறது.

தொற்று இருப்பது தெரிந்தால் செய்ய வேண்டியவை தெளிவாகவே உள்ளன. சிபிலிசுக்குப் பென்சிலின் ஊசி இருக்கிறது. கணவனுக்கும் சேர்த்துச் சிகிச்சை தராவிட்டால் மீண்டும் தொற்றும். எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை இல்லாத நிலையில் 15 முதல் 45 சதவீதம் வரை குழந்தைக்குப் போகக்கூடிய தொற்று, கூட்டு மருந்தைத் தவறாமல் உட்கொண்டால் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்குகிறது. தாய்க்கு ஹெபடைட்டிஸ் பி இருந்தால் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போடப்பட வேண்டும், அதனோடு இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படும்.

வெள்ளைப்படுதல் கர்ப்பத்தில் கூடுவது இயல்பு. பால்போல் வெளுத்து, மணமின்றி இருந்தால் கவலை இல்லை. தயிர்த்திரி போலத் திரண்டு அரிப்பெடுத்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். பச்சையாகவோ மஞ்சளாகவோ கெட்ட வாடையோடு வந்தால் வேறு தொற்று. இவற்றோடு உறவைத் தொடராமல் முதலில் மருந்து வாங்க வேண்டும், மருந்தை மருத்துவர் எழுதித்தர வாங்க வேண்டும். கடைக்காரரிடம் "வெள்ளைப்படுதலுக்கு ஏதாவது" என்று கேட்டு வாங்கும் வழக்கம் கர்ப்பத்தில் ஆகாது.

இரத்தம் மாதவிலக்கு அளவுக்கு வந்தாலும், உறவு முடிந்து ஒரு மணி நேரம் ஆகியும் இறுக்கம் அடங்காமல் விட்டுவிட்டு ஒழுங்கான இடைவெளியில் வந்தாலும், உள்ளாடை நனையும்படி நீர் கசிந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்; வண்டி இல்லையென்றால் 108. மருத்துவமனையில் "உறவுக்குப் பிறகு வந்தது" என்பதையும் சொல்ல வேண்டும். அதை மறைத்தால் மருத்துவர் வேறு காரணங்களைத் தேடி நேரம் வீணாகும்.

விருப்பம் இல்லாதபோது

கர்ப்பிணிக்கு விருப்பமில்லை என்றால் அந்த இரவு அங்கே முடிந்துவிட வேண்டும். அதற்கு மருத்துவக் காரணம் காட்ட வேண்டிய கடமை அவளுக்கு இல்லை. "டாக்டர் வேண்டாம் என்றார்" என்று பொய் சொல்லித்தான் தப்பிக்க முடியும் என்ற நிலை ஒரு வீட்டில் இருக்குமானால் அங்கே கோளாறு கர்ப்பத்தில் இல்லை. கணவனுக்கு விருப்பம் குன்றுவதும் உண்டு. பயத்தினாலோ, வரப்போகும் செலவுகளின் கவலையாலோ அவன் விலகும்போது தன் உடல் பெருத்துப் போனதால்தான் என்று மனைவி நினைத்துக்கொள்கிறாள். வாய்விட்டுச் சொன்னால் ஒரு நிமிடத்தில் தீரும் சங்கதி அது. வற்புறுத்தல் வன்முறையாக மாறினால் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் கொடுமையையும் தன் வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். பரிசோதனைக்குப் போகும்போது செவிலியரிடம் தனியாகச் சொல்வதும் ஒரு வழி.

பிரசவத்துக்குப் பிறகு

உதிரப்போக்கு நின்று, தையல் ஆறி, மனமும் உடலும் ஒத்துழைக்கும் வரை காத்திருக்க வேண்டும். பொதுவாக 42ஆம் நாள் பரிசோதனை வரை பொறுப்பது நல்லது. பால் கொடுக்கும் மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் குறைந்திருப்பதால் பெண்ணுறுப்பு வறண்டிருக்கும், முதல் சில முறை வலிக்கவும் செய்யும். ஜெல்லும் பொறுமையும் தேவைப்படும். பல வாரங்கள் கழிந்தும் தையல் இடத்தில் வலி நீடித்தால் காட்டிவிட வேண்டும்.

பால் கொடுத்தால் கரு தங்காது என்ற நம்பிக்கையை நம்பி அடுத்த ஆண்டே மறுபடி பிரசவ அறைக்கு வந்தவர்கள் பலர். குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாமல் இருக்க வேண்டும், இரவு பகல் தாய்ப்பால் மட்டுமே கொடுத்திருக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. இந்த மூன்றும் ஒருங்கே அமைந்தால்தான் அந்த நம்பிக்கை மெய். ஒன்று தவறினாலும் முதல் மாதவிலக்கைப் பார்ப்பதற்கு முன்பே கருமுட்டை வெளிவந்து கரு தங்கிவிடக்கூடும். அடுத்த கருவுக்கு முயல்வதற்கு முன் 24 மாதங்களாவது இடைவெளி விடுவது தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. கருத்தடைக்கு ஆணுறை, சாயா மாத்திரை, அந்தரா ஊசி ஆகியவை அரசு நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. பால் கொடுக்கும் தாய்க்கு ஊசியை ஆறு வாரத்துக்குப் பிறகு தொடங்குவது வழக்கம். காப்பர் டியைப் பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளோ, அறுவைச் சிகிச்சையின்போதேயோ பொருத்திவிடலாம். ஆகவே அதை விரும்புவோர் எட்டாம் மாதப் பரிசோதனையிலேயே கேட்டு முடிவெடுத்து அட்டையில் எழுதி வாங்கிவிட வேண்டும், விரும்பாதவர்களும் விரும்பவில்லை என்று எழுதி வாங்கிவிட வேண்டும். வலியில் துடிக்கும் பெண்ணிடம் தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்கும் நிலை அப்போது வராது.